தராசு முள் நகராத நாட்கள்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

தராசு பிடித்துப் பிழைக்கிற கூட்டத்தார் நாம். வாங்கும்போது நிறைத்து வாங்கி, கொடுக்கும்போது குறைத்துக் கொடுப்பவர்களைத் திருக்குர்ஆனின் 83-ஆவது அத்தியாயம் எப்படி எச்சரிக்கிறது என்பதை மத்ரஸாவில் ஓதிய சிறு பிள்ளையும் அறியும். ஆனால் இன்று நான் சொல்ல வந்தது கடைத் தராசைப் பற்றியன்று. டாக்டர் நம்மை ஏறி நிற்கச் சொல்கிறாரே, அந்தத் தராசைப் பற்றியாகும்.

வயது நாற்பதைத் தாண்டிய வியாபாரி ஒருவரை எண்ணிப் பாருங்கள். இரத்தத்தில் இனிப்பு ஏறியிருக்கிறது, எடையைக் குறைத்தே ஆகவேண்டும் என்று டாக்டர் கண்டித்துச் சொல்லிவிட்டார். அவரும் நிய்யத்து வைத்துத் தொடங்குகிறார். சீனியை விட்டார். சோற்றைக் குறைத்தார். சுபுஹுக்குப் பிறகு நடந்தார். முதல் வாரம் 2 கிலோ குறைந்தது, முகமெல்லாம் மலர்ச்சி. இரண்டாம் வாரம் அரைக் கிலோ. மூன்றாம் வாரம் முள் நகரவில்லை. நான்காம் வாரம் அரைக் கிலோ கூடியே காட்டிற்று! "இவ்வளவு பாடுபட்டு என்ன கண்டோம்?" என்று அவர் மனம் உடைந்தார். மறுநாள் காலையில் பழையபடி இரண்டு ரொட்டி சானாய், ஒரு தே தாரிக். அதோடு முடிந்தது எல்லாம்.

சகோதரர்களே, நம்மில் பெரும்பாலோர் தோற்பது முதல் நாளில் அல்ல. அந்த நான்காம் வாரத்தில்தான். ஆகவே அந்த நான்காம் வாரத்தைப் பற்றியே பேசுவோம்.

இது அழகுக்காகச் செய்யும் காரியமன்று. 2023-ஆம் ஆண்டு மலேசியாவில் நடந்த தேசிய சுகாதார ஆய்வு, வயது வந்தவர்களில் 100-க்கு 54 பேர் அளவுக்கு மிஞ்சிய எடையுள்ளவர்கள் என்று கணக்கெடுத்தது. ஆறு பேரில் ஒருவருக்கு நீரிழிவு. நம் முன்னோர்கள் சைக்கிளின் பின்னே துணி மூட்டையைக் கட்டிக்கொண்டு, இந்தப் பேராக்கின் ரப்பர்த் தோட்டங்களுக்கு மண்ரோட்டில் மிதித்துப் போய் வியாபாரம் செய்தவர்கள். நாமோ காலை முதல் இரவு பத்து மணி வரை கல்லாப் பெட்டியின் முன்னே உட்கார்ந்திருக்கிறோம். கை நீட்டினால் பலகாரம். கடை அடைத்த பிறகு வயிறு நிறையச் சோறும் ஆணமும், உடனே படுக்கை. கால் புண் ஆறாமல் காலையே இழந்தவர்களும், வாரம் மூன்று தடவை இரத்தம் சுத்தம் செய்யப் போகிறவர்களும் நம் ஜமாஅத்துக்களில் இல்லையா? ஸஜ்தாவில் நெற்றியைத் தரையில் வைக்க ஏங்கி, நாற்காலியில் இருந்து தொழுகிற நம் வயதுக்காரர்களை நாம் காணவில்லையா? அவர்கள் பிள்ளைகள் படிப்பை விட்டுக் கடையில் நிற்பதையும் காண்கிறோமே!

பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் வணக்கமுமாக இருந்த அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்களிடம், உடலுக்கும் அவர்மீது ஓர் உரிமை உண்டென்று நாயகம் (ஸல்) அவர்கள் நினைவூட்டினார்கள். இது புகாரியில் உள்ள ஹதீது. வணக்கத்தில்கூட உடலின் ஹக்கை மறக்கலாகாது என்றால், வயிற்றுக்காக அதை மறப்பது எப்படித் தகும்? உண்ணவும் பருகவும் அனுமதி தந்த ரப்பு, அதே வசனத்தில் (7:31) வரம்பு மீறுவதை விலக்கியும் இருக்கிறான். மனிதன் நிரப்பும் பாத்திரங்களில் வயிற்றைவிடக் கெட்டது வேறில்லை என்றும், முதுகு நிமிர்ந்து நிற்கச் சில கவளங்கள் போதும் என்றும், அதற்குமேல் உண்டேயாக வேண்டுமானால் உணவுக்கு ஒரு பங்கு, நீருக்கு ஒரு பங்கு, மூச்சுக்கு ஒரு பங்கு என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் அளவு வகுத்துத் தந்தது திர்மிதீயில் வருகிறது.

இனி, முள் ஏன் நகரவில்லை என்பதைப் பார்ப்போம். வியாபாரிக்குக் கணக்குச் சொன்னால் விளங்கும்.

ஒரு கிலோ கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரிச் சத்து அடங்கியிருக்கிறது. ஒரு ரொட்டி சானாய் சுமார் 300 கலோரி. தித்திப்புப் பால் ஊற்றிய தே தாரிக் ஒரு குவளை 100-க்கு மேல். நாள்தோறும் ஒரு ரொட்டியையும் இரண்டு குவளைத் தேயையும் விட்டால் ஏறக்குறைய 500 கலோரி மிச்சம். அப்படியானால் ஒரு கிலோ கரைய எத்தனை நாள்? 15 நாள்! 10 ஆண்டுகளாகச் சேர்ந்த சரக்கு 10 நாளில் எப்படி விற்றுத் தீரும்?

அப்படியானால் முதல் வாரத்தில் 2 கிலோ குறைந்தது எப்படி? அதில் பெரும்பகுதி கொழுப்பன்று, தண்ணீர். உடல் சேமித்து வைத்திருக்கும் மாச்சத்து தன்னோடு தண்ணீரையும் பிடித்து வைத்திருக்கும். மாச்சத்து செலவானால் தண்ணீரும் போய்விடும். நான்காம் வாரத்தில் கூடிய அரைக் கிலோவும் அப்படியே. உப்பு மிகுந்த ஒரு விருந்துச் சாப்பாடு போதும், உடல் தண்ணீரைத் தேக்கிக்கொள்ளும். ஒரே நாளில் காலைக்கும் இரவுக்கும் ஒரு கிலோ வரை வித்தியாசம் காட்டுவது சகஜம். அன்றியும், உடல் இளைக்க இளைக்க அதன் அன்றாடச் செலவும் குறைகிறது. அதனால் போகப் போக வேகம் தணிவது இயற்கை.

செவ்வாய்க்கிழமை வசூல் குறைந்தது என்று புதன்கிழமை கடையை மூடுகிறவர் எவருமில்லை. அன்றாட வசூலை வைத்தா இலாப நட்டம் பார்க்கிறோம்? ஆண்டு முடிவில் ஐந்தொகை எடுத்தல்லவா பார்க்கிறோம்! சொந்த உடல் விஷயத்தில் மட்டும் ஏன் ஒரு நாள் வசூலைப் பார்த்துக் கதவடைக்கிறோம்?

நிற்க. இதைவிடப் பெரிய செய்தி ஒன்று இருக்கிறது. அது சென்னையிலிருந்து வந்தது. டாக்டர் ஏ. இராமச்சந்திரன் அவர்களும் அவருடைய குழுவினரும், நீரிழிவின் வாசற்படியில் நின்ற 531 பேரைச் சேர்த்து ஓர் ஆராய்ச்சி நடத்தி, 2006-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பிரிவினருக்கு வழக்கமான புத்திமதி மட்டும். இன்னொரு பிரிவினருக்கு மாவும் சீனியும் கொழுப்பும் குறைந்த உணவு, நாள்தோறும் அரை மணி நேர விரைவு நடை. மற்ற இரு பிரிவினருக்கு மாத்திரையும் கொடுத்தார்கள். மூன்று ஆண்டுக் கணக்கைப் பாருங்கள்: வழக்கம்போல் இருந்தவர்களில் 100-க்கு 55 பேருக்கு நீரிழிவு வந்துவிட்டது. உணவைத் திருத்தி நடந்தவர்களில் 39 பேருக்கு மட்டுமே வந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களுக்குக் கிடைத்த பலனும் ஏறக்குறைய இவ்வளவே.

இதில் கவனிக்க வேண்டியது எது தெரியுமா? நடந்தவர்களின் எடை சொல்லும்படியாகக் குறையவே இல்லை! தராசு முள் ஏறக்குறைய அங்கேயே நின்றது. ஆனால் உள்ளே நோய் பின்வாங்கிக்கொண்டிருந்தது. நம்மைப் போன்ற சோறு தின்னும் மக்களிடம், நம் பூர்வீக மண்ணில் கண்ட உண்மை இது. முள் நகரவில்லை என்பதால் நன்மை நடக்கவில்லை என்று பொருளாகாது.

மார்க்கம் நமக்குக் கற்பிப்பதும் இதுவேயன்றோ? நூஹ் நபி (அலை) அவர்கள் 950 ஆண்டுகள் தம் சமூகத்தாரிடையே வாழ்ந்தார்கள் என்று குர்ஆன் (29:14) சொல்கிறது. அவர்களோடு ஈமான் கொண்டவர்களோ மிகச் சிலரே (11:40). தலைகளை எண்ணிப் பார்க்கிறவன் அதைத் தோல்வி என்பான். அல்லாஹ்வோ அவர்களைத் தன் உயர்ந்த தூதர்களின் வரிசையில் வைத்திருக்கிறான். உழைப்பு நம் கையில். பலன் அவன் கையில். நாளைக்கு நம்மிடம் கேட்கப்படுவது "எத்தனை கிலோ குறைத்தாய்?" என்பதன்று. கொடுத்த அமானிதத்தை எப்படிப் பேணினாய் என்பதேயாகும்.

அல்லாஹ்வுக்கு மிகப் பிரியமான அமல், சிறிதானாலும் விடாமல் செய்யப்படுவதே என்று ஆயிஷா நாயகி (ரலி) அவர்கள் வழியாக வந்த ஹதீதை நாம் அடிக்கடி கேட்கிறோம். இன்னொன்றையும் கேளுங்கள். பள்ளிவாசலின் இரு தூண்களுக்கிடையே ஒரு கயிறு கட்டியிருப்பதை நாயகம் (ஸல்) அவர்கள் கண்டார்கள். அது ஸைனப் (ரலி) அவர்களுடையது, தொழுது களைத்தால் அதைப் பற்றிக்கொள்வார்கள் என்று தெரியவந்தது. கயிற்றை அவிழ்க்கச் சொல்லிவிட்டு, தெம்பு இருக்கும் வரை தொழுது, களைத்தால் உட்காருமாறு கட்டளையிட்டார்கள். தொழுகைக்கே இந்த நிதானம்! அப்படியிருக்க, ஒரு மாதம் பட்டினி கிடந்து பத்துக் கிலோ குறைப்பேன் என்று கயிறு கட்டித் தொங்குவது எதற்கு? கயிறு அறுந்தால் முன்னிருந்ததைவிடக் கீழே விழுவோம்.

இங்கே நம் சமூகத்துக்கு ஒரு வார்த்தை. ஒருவர் முயன்றுகொண்டிருக்கும்போது, "என்ன பாய், நடை நடைன்னு நடந்தும் அப்படியேதான் இருக்கீங்க!" என்று கடை வாசலில் நின்று சிரிக்கிறோம். விருந்தில், "ஒரு நாள் தின்னால் ஒன்றும் ஆகாது" என்று தட்டில் அள்ளி வைக்கிறோம். ஆயிஷா நாயகி (ரலி) அவர்கள் ஒரு பயணத்தில் நாயகம் (ஸல்) அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடி வென்றார்கள். பின்னாளில் உடல் சதை போட்டிருந்தபோது மறுபடி ஓடினார்கள். அப்போது நாயகம் வென்று, முந்திய பந்தயத்துக்கு இது ஈடாயிற்று என்று சொன்னார்கள். இதை அறிவித்தவர்களும் அந்த அன்னையே. சதை போட்டதைச் சொல்லிக் காட்டிச் சிரிக்கவில்லை. கூட ஓடினார்கள் நாயகம்! நாமும் கேலியை விட்டுக் கூட நடப்போமா?

இனி, செய்ய வேண்டியவை சில.

வாரத்தில் ஒரு நாள் மட்டும் எடை பாருங்கள். ஜும்ஆக் குளிப்புக்கு முன் என்று வைத்துக்கொண்டால் மறக்காது. நோட்டில் எழுதுங்கள். வாரத்தோடு வாரத்தை ஒப்பிடாமல் மாதத்தோடு மாதத்தை ஒப்பிடுங்கள். 90 கிலோ உள்ளவர் 100-க்கு 5 வீதம், அதாவது நாலரைக் கிலோ குறைத்தாலே இனிப்புக்கும் இரத்த அழுத்தத்துக்கும் நல்ல பலன் உண்டென்று வைத்தியர்கள் சொல்கிறார்கள். அதற்கு ஆறு மாதம் ஆனாலும் சரியே.

எடையோடு வேறு கணக்குகளையும் எழுதுங்கள். இடுப்பு வார் எந்தத் துளையில் நிற்கிறது? மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா? இனிப்புச் சோதனை என்ன சொல்கிறது? ஸஜ்தாவிலிருந்து கை ஊன்றாமல் எழ முடிகிறதா? முள் நகராத மாதத்திலும் இவற்றில் ஒன்று நகர்ந்திருக்கும்.

நடையைத் தொழுகையோடு முடிந்து வையுங்கள். சுபுஹுக்கும் இஷாவுக்கும் பள்ளிக்கு நடந்தே போங்கள். ஒவ்வோர் அடிக்கும் ஒரு பதவி உயர்வதாகவும் ஒரு பாவம் அழிவதாகவும் ஹதீதில் வந்திருக்கிறது. முள் நகராவிட்டாலும் அந்த ஏடு நிரம்பிக்கொண்டே இருக்கும். பள்ளி தூரமானால், நம் குனோங் ராபாட் குன்றடியிலோ ஈப்போ போலோ திடலிலோ இருவர் மூவராகச் சேர்ந்து நடக்கலாம். துணை இருந்தால் சோம்பல் வராது.

கடையில் தே கேட்கும்போது "கோசோங்" என்று சொல்லப் பழகுங்கள். திங்கள், வியாழன் சுன்னத்தான நோன்பு பிடிக்கலாம். ஆனால் ஊசியோ இனிப்பு மாத்திரையோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்டே பிடிக்க வேண்டும். கந்தூரியிலோ கல்யாணத்திலோ ஒரு வேளை அளவு மீறினால், அடுத்த வேளையே வழிக்கு வந்துவிடுங்கள். ஒரு கிளாஸ் உடைந்ததற்காகக் கடைச் சாமான் எல்லாவற்றையும் உடைப்பாருண்டா?

கடைசியாக, வியாபாரிகள் என்ற முறையில் நமக்கொரு பொறுப்பு. பொறுமையிழந்தவனைக் குறி வைத்தே, "ஒரே மாதத்தில் மெலியலாம்" என்று கோப்பியும் மாத்திரையும் விற்கிறார்கள். அவற்றில் சிலவற்றில் சிபுட்ராமின் என்ற மருந்தைக் கள்ளத்தனமாகக் கலந்திருப்பதாகச் சுகாதார அதிகாரிகள் பலமுறை எச்சரித்திருக்கிறார்கள். இருதயத்துக்குக் கேடென்று 2010-இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விலக்கப்பட்ட மருந்து அது. அதை வாங்காதீர்கள். உங்கள் கடைத் தட்டிலும் வைக்காதீர்கள். எவ்வளவு இலாபம் வந்தாலும் அது பரக்கத்தில்லாத காசு.

சகோதரர்களே! முள் நகராத நாள் வீண் போன நாள் அன்று. அன்றைக்கும் நீங்கள் நடந்தீர்கள். அன்றைக்கும் கையை அடக்கினீர்கள். அந்த ஸப்ரும் எழுதப்பட்டிருக்கிறது. பொறுமையாளர்களுக்குக் கூலி கணக்கின்றிக் கிடைக்கும் என்று வாக்களித்தவன் (39:10) கணக்கில் தவறுகிறவன் அல்லன். இந்த வாரம் கைவிட்டவர்கள், வருகிற சுபுஹோடு மறுபடி தொடங்குங்கள்.

யா அல்லாஹ்! நீ தந்த உடலின் ஹக்கை நிறைவேற்ற எங்களுக்குத் தௌபீக் செய்வாயாக! நெற்றியைத் தரையில் வைத்து உனக்கு ஸஜ்தாச் செய்யும் சக்தியை எங்கள் ஹயாத்து உள்ளளவும் தந்தருள்வாயாக! நோயில் கிடக்கும் எங்கள் சகோதரர்களுக்கு ஷிஃபாவை அளிப்பாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாம்.