சமத்துக் குழந்தை

பிறந்த குழந்தையைப் பார்க்கப் போகிறவர்கள் தவறாமல் சொல்கிற ஒரு வாக்கியம் உண்டு. ‘‘அழவே மாட்டேங்குதே, எவ்ளோ சமத்து!’’ நீங்களும் சொல்லியிருப்பீர்கள். நான் நூறு தடவையாவது சொல்லியிருப்பேன். இப்போது சொல்வதில்லை.

எங்கள் அபார்ட்மென்ட்டில், மூன்றாவது மாடியில் ஒரு குடும்பம். ஒரே பெண். வயது பதிமூன்று. லிஃப்ட்டில் ஏறினால் ‘ஒண்ணு... ரெண்டு...’ என்று மாடிகளை எண்ணிக்கொண்டே வருவாள். மூன்று வந்ததும் அவள் முகத்தில் ஒரு வெற்றிச் சிரிப்பு வரும். அவள் வயதுப் பிள்ளைகள் எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ராவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, இவள் இன்னும் கூட்டலில் இருக்கிறாள்.

ஒருநாள் அவள் அம்மா என்னிடம் சொன்னார். ‘‘இவ பொறந்தப்ப ரொம்ப சமத்துண்ணா. பசிச்சாக்கூட அழ மாட்டா. நாமதான் எழுப்பிப் பால் கொடுக்கணும். கண்ணு பட்டுரும்னு எங்க அத்தை தினம் சுத்திப் போடுவாங்க.’’

எட்டு மாதமாகியும் கழுத்து சரியாக நிற்கவில்லை. ‘சில குழந்தைங்க லேட்டாத்தான் பண்ணும்’ என்று ஆளாளுக்கு ஆறுதல் சொன்னார்கள். கடைசியில் ஒரு டாக்டர் ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். பிறவியிலேயே தைராய்டு குறைபாடு. அன்றைக்கே மாத்திரை ஆரம்பித்தார்கள். ஆனால், அதற்குள் எட்டு மாதம் போய்விட்டது.

இது என்ன நோய்? நம் கழுத்தில் வண்ணத்துப்பூச்சி மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறதே தைராய்டு சுரப்பி, அது சில குழந்தைகளுக்கு உருவாகாமலே போய்விடும். அல்லது இருந்தும் வேலை செய்யாது. அது சுரக்கும் ஹார்மோன் இல்லாமல் மூளை வளராது. கருவில் இருக்கும்வரை அம்மாவின் ஹார்மோன் ஓரளவு வந்து காப்பாற்றிவிடுகிறது. அதனால் பிறக்கும்போது பெரும்பாலான குழந்தைகள் பார்க்க நன்றாகவே இருக்கும். எடை சரி, நிறம் சரி, பத்து விரலும் சரி. அம்மா தந்த கையிருப்பு தீர்ந்தபிறகுதான் ஆரம்பம். மலச்சிக்கல், நீண்டுகொண்டே போகும் மஞ்சள்காமாலை, ஓயாத தூக்கம்... அப்புறம் அந்த ‘சமத்து’!

இரண்டு வாரத்துக்குள் கண்டுபிடித்து மாத்திரை கொடுத்தால், அநேகமாக எல்லாக் குழந்தைகளுமே மற்ற பிள்ளைகளைப் போல வளர்ந்து, படித்து, அப்பா அம்மாவை எதிர்த்துப் பேசுகிற அளவுக்குத் தேறிவிடும். மாத்திரைக்கு ஆகும் செலவு, ஒரு நாளைக்கு ஒரு டீ விலைகூட இல்லை.

கண்டுபிடிப்பதும் கஷ்டமில்லை. குழந்தை பிறந்து இரண்டு, மூன்று நாளில் குதிகாலின் ஓரத்தில் சின்னதாக ஒரு குத்து. நாலைந்து சொட்டு ரத்தத்தை, வட்டம் வட்டமாக அச்சிட்ட ஒரு கெட்டியான வடிதாள் அட்டையில் தொட்டு எடுத்து, காயவைத்து லேபுக்கு அனுப்ப வேண்டும். அவ்வளவுதான். தபாலில்கூட அனுப்பலாம்.

சரி, இப்போது என் கதைக்கு வருகிறேன்.

2012-ல் என் மகள் பிறந்தாள். டிஸ்சார்ஜுக்கு முதல் நாள், பில்லிங் கவுன்ட்டரில் ஒரு ஃபாரத்தை நீட்டினார்கள். பிறந்த குழந்தைக்கான ரத்தப் பரிசோதனை, ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்.

‘‘இது கண்டிப்பா எடுக்கணுமாம்மா?’’

‘‘ஆப்ஷனல் சார்.’’

நான் பி.காம். படித்தவன். ‘ஆப்ஷனல்’ என்று காதில் விழுந்தாலே மூளையில் ஒரு சிவப்பு பேனா எழுந்துகொள்ளும். ஏற்கெனவே பில்லில் கையுறைக்கு ஒரு தொகை, பஞ்சுக்கு ஒரு தொகை என்று எரிச்சலில் இருந்தேன். இதுவும் பணம் பிடுங்கும் வேலைதான் என்று முடிவு கட்டிவிட்டேன். போதாததற்கு மாமியார் வேறு, ‘‘பச்சை மண்ணு, அது கால்ல போய் குத்துறதா?’’ என்றார். ‘வேண்டாம்’ என்ற இடத்தில் டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டேன். அன்று மாலை ஆபீஸுக்கு ஸ்வீட் பாக்ஸ் வாங்கிய செலவு இரண்டாயிரத்து நானூறு ரூபாய். கணக்கு நோட்டில் இன்னமும் இருக்கிறது.

என் மகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்போது என்னை எதிர்த்துப் பேசுகிறாள்.

மூன்றாவது மாடி அம்மா என்னிடம் சொன்ன இன்னொரு விஷயம்தான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. ‘‘எங்களுக்கு அப்படி ஒரு டெஸ்ட் இருக்குன்னே யாரும் சொல்லலைண்ணா. ஆனா, பெத்தவ எனக்குத் தெரிஞ்சிருக்க வேணாமா? தப்பு என் மேலதானே?’’

யோசித்துப் பாருங்கள். அவரிடம் யாரும் கேட்கவே இல்லை. அவர் மறுக்கவும் இல்லை. பதிமூன்று வருடமாகக் குற்ற உணர்ச்சியில் கரைகிறார். என்னிடம் கேட்டார்கள். நான் பேனா பிடித்து மறுத்தேன். பதிமூன்று வருடமாக நிம்மதியாகத் தூங்கினேன்!

1976-ல் பெர்னார்ட் வில்லியம்ஸ், தாமஸ் நேகல் என்று இரண்டு தத்துவப் பேராசிரியர்கள் இந்தக் குடைச்சலுக்கு ஒரு பெயர் வைத்தார்கள். ‘மாரல் லக்’. அறத்தில் அதிர்ஷ்டம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். குடித்துவிட்டு வண்டி ஓட்டும் இரண்டு பேர். இரண்டு வண்டியும் பிளாட்பாரத்தில் ஏறுகின்றன. ஒன்றின் முன்னால் யாரும் இல்லை. இன்னொன்றின் முன்னால் ஒருவர் நடந்து வருகிறார். செய்த தப்பு ஒன்றுதான். ஒருவருக்கு அபராதத்தோடு போச்சு, இன்னொருவருக்கு ஜெயில். ஊரும் அவரைத்தான் கொலைகாரன் என்கிறது. முதல் ஆள் நல்லவனா என்ன? அவன் வழியில் யாரும் நடந்து வரவில்லை, அவ்வளவுதான்.

நான் அந்த முதல் ஆள்.

‘விடுங்க சார், நல்லபடியாத்தானே முடிஞ்சுது’ என்று நீங்கள் சொல்லலாம். என் மனைவியும் அதையேதான் சொன்னார். ஆனால், நல்லபடியாக முடிந்ததால் நான் செய்தது சரி என்றால், கெட்டபடியாக முடிந்ததால் அந்த அம்மா செய்தது தப்பு என்றாகிவிடும். இந்தக் கணக்கு எனக்கு டேலி ஆகவில்லை. விளைவை வைத்துத் தீர்ப்பு எழுதுவதை நிறுத்திவிட்டு, கையெழுத்துப் போட்ட நிமிடத்தில் கையில் என்ன தகவல் இருந்தது, அதை விசாரித்தோமா என்று பார்த்தால், கூண்டில் நிற்க வேண்டியவன் நான்தான். ‘இது எதுக்கும்மா?’ என்ற ஒரு கேள்வியை நான் கேட்கவில்லை. விலையை மட்டும்தான் கேட்டேன்.

எத்தனை குழந்தைக்கு இது வருகிறது? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2007-லிருந்து 2012 வரை டெல்லி, மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், சென்னை ஆகிய ஐந்து நகரங்களில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகளைப் பரிசோதித்தது. 1,130 குழந்தைகளில் ஒன்றுக்கு இந்தக் குறைபாடு. மேலை நாடுகளில் மூவாயிரம், நாலாயிரத்தில் ஒன்று என்பதுதான் பழைய கணக்கு. தமிழ்நாட்டில் வருடத்துக்கு எட்டு, ஒன்பது லட்சம் குழந்தைகள் பிறக்கின்றன. வகுத்துப் பாருங்கள், எழுநூறு எண்ணூறு வருகிறது. ஒவ்வொரு வருடமும் எழுநூறு ‘சமத்து’!

அடுத்து நீங்கள் கேட்கப்போவது தெரியும். ஒரு குழந்தைக்காக மற்ற 1,129 குழந்தைகளையும் குத்த வேண்டுமா? நியாயமான கேள்விதான். போன வருடம் என் அக்கா மகளுக்குப் பிரசவம். இந்த முறை நானே முந்திக்கொண்டு பணம் கட்டினேன். ரிசல்ட் நார்மல். ‘‘பார்த்தீங்களா மாமா, காசு தண்டம்’’ என்றார் அவள் கணவர், சிரித்துக்கொண்டே. தீ விபத்து நடக்காத வருடமெல்லாம் இன்ஷூரன்ஸ் பிரீமியம் தண்டம் என்று எந்தக் கடைக்காரரும் சொல்வதில்லை. ஆனால், குழந்தை விஷயத்தில் நமக்கு அப்படித் தோன்றுகிறது.

காசுக் கதை இன்னொன்று. குதிகால் ரத்தத்தை அட்டையில் எடுக்கும் வழியை 1960-களின் தொடக்கத்தில் கொண்டுவந்தவர் ராபர்ட் கத்ரி என்ற அமெரிக்க விஞ்ஞானி. பி.கே.யூ. என்ற வேறொரு பரம்பரை நோய்க்காக. அவர் மகனுக்கு மனவளர்ச்சிக் குறைபாடு. மச்சினி மகளுக்கு பி.கே.யூ. ஆறு டாலர் செலவில் அவர் தயாரித்துக்கொண்டிருந்த பரிசோதனைப் பெட்டிக்கு, உரிமம் வாங்கிய கம்பெனி வைத்த விலை 262 டாலர். மனிதர் கொதித்துப்போய் அரசாங்கத்திடம் மல்லுக்கு நின்றார். அந்தத் தனியுரிமை ரத்தானது. 1963-ல் மாசசூசெட்ஸ் மாநிலம் இந்தப் பரிசோதனையைச் சட்டமாகவே ஆக்கியது. பில்லிங் கவுன்ட்டரில் எனக்கு வந்த சந்தேகம் முழுக்க அசட்டுத்தனம் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். பணம் பண்ணுகிறவர்கள் எங்கேயும் இருந்தார்கள். அதற்காகப் பரிசோதனையே பொய் ஆகிவிடாது.

சட்டம் போட்டுக் குத்தலாமா, பெற்றோரைக் கேட்டுத்தான் குத்த வேண்டுமா? அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் கட்டாயம். மறுப்பதற்குச் சில விதிவிலக்குகள் மட்டும் உண்டு. இங்கிலாந்தில் கேட்டுவிட்டுத்தான் எடுக்கிறார்கள். இந்தச் சர்ச்சைக்குள் போகும்போதெல்லாம் எனக்கு 1951-ம் வருட பர்மிங்ஹாம் ஞாபகம் வருகிறது. அங்கே பி.கே.யூ. உள்ள ஒரு இரண்டு வயதுப் பெண். நிற்க முடியாது, யாரையும் கண்டுகொள்ளாது. ‘இதற்கு மருந்து இல்லை’ என்று சொல்லியும், அதன் அம்மா தினமும் காலையில் வந்து டாக்டர் ஹோர்ஸ்ட் பிக்கலை நச்சரித்தார். வேறு வழியில்லாமல் அவர், அந்தக் குழந்தையின் உடம்பு ஏற்காத ஃபினைல்அலனின் என்ற புரதக்கூறு மட்டும் இல்லாத ஓர் உணவைத் தயாரித்துக் கொடுத்தார். குழந்தை நிமிர்ந்தது. தவழ்ந்தது. கண்ணைப் பார்த்தது.

இது நிஜமான முன்னேற்றமா, அம்மாவின் ஆசையா? டாக்டருக்கு நிரூபிக்க வேண்டியிருந்தது. என்ன செய்தார் தெரியுமா? அம்மாவுக்குச் சொல்லாமல், அந்தப் புரதக்கூறைத் திரும்பவும் உணவில் கலந்துவிட்டார். சில மணி நேரத்திலேயே குழந்தை அழுது, தலையை முட்டிக்கொள்ள ஆரம்பித்தது. அம்மா பதறினார். டாக்டருக்கு விடை கிடைத்தது. பிறகு உண்மையைச் சொல்லி, அம்மாவின் சம்மதத்தோடு, ஆஸ்பத்திரியிலேயே வைத்து மறுபடி அதே சோதனையைச் செய்து காட்டினார். அதற்குப் பின்தான் உலகம் நம்பியது. எத்தனையோ ஆயிரம் குழந்தைகள் பிழைத்தன.

முடிவு நல்லது என்பதால் அந்த முதல் ஏமாற்று நியாயமாகிவிடுமா? என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. காரணம், அந்த அம்மாவே இரண்டாவது முறை சம்மதித்தார். கேட்டிருந்தால் முதல் தடவையும் சம்மதித்திருப்பாரோ என்னவோ! கேட்கவில்லை. நல்ல நோக்கம் உள்ளவர்களுக்குக் கேட்பதற்குப் பொறுமை இருப்பதில்லை.

ஆக, கேட்கத்தான் வேண்டும். ஆனால், ‘ஆப்ஷனல் சார்’ என்பது கேட்பது இல்லை. அது ஹோட்டலில் ‘சாம்பார் இன்னும் வேணுமா?’ என்பது மாதிரி. பிறந்த ஒவ்வொரு குழந்தைக்கும், அரசு ஆஸ்பத்திரியோ தனியாரோ, காசு வாங்காமல் இந்தப் பரிசோதனை நடக்க வேண்டும். எதற்கு என்று இரண்டு நிமிடம் பெற்றோரிடம் பேச வேண்டும். அதற்கப்புறமும் மறுப்பவர் மறுக்கட்டும். என்னை மாதிரி ஆள், ‘இது மூளை சம்பந்தப்பட்டது சார்’ என்று ஒரு வரி சொல்லியிருந்தால், மாமியாரையும் மீறிப் பணம் கட்டியிருப்பான்.

எல்லா நோய்க்கும் இப்படித் தேடலாம் என்று கிளம்புவதும் ஆபத்து. ஜப்பானில் 1980-களில் ஆரம்பித்து, குழந்தைகளின் சிறுநீரில் ஒருவகைப் புற்றுநோயைத் தேடினார்கள். நிறையக் கண்டுபிடித்தார்கள். பார்த்தால், அதில் பல கட்டிகள் தானாகவே கரைந்து போகிறவை. அவற்றுக்கும் ஆபரேஷன், மருந்து என்று குழந்தைகள் பாடுபட்டதுதான் மிச்சம். 2003-ல் நிறுத்திவிட்டார்கள். கண்டுபிடித்தால் கையில் வைத்தியம் இருக்க வேண்டும், சீக்கிரம் கண்டுபிடிப்பதால் பலன் இருக்க வேண்டும். தைராய்டில் இரண்டும் இருக்கிறது.

அந்த ரத்த அட்டை யாருக்குச் சொந்தம் என்பது இன்னொரு தலைவலி. ஸ்வீடனில் 1975-லிருந்து பிறந்தவர்களின் அட்டைகளைச் சேமித்து வைத்திருக்கிறார்கள். 2003-ல் அந்நாட்டு வெளியுறவு அமைச்சர் அன்னா லிண்ட் கொல்லப்பட்டபோது, கொலையாளியை உறுதி செய்ய போலீஸ் அந்த அலமாரியைத் திறந்தது. 2004 சுனாமியில் இறந்த ஸ்வீடன்காரர்களை அடையாளம் காணவும் அதே அட்டைகள்தான் உதவின. நல்ல காரியம்தான். ஆனால், குழந்தையின் குதிகாலைக் குத்தும்போது இதற்கென்று யாரும் சொல்லிக் குத்தவில்லையே!

இந்தக் கட்டுரையை அனுப்புவதற்கு முன்னால், மூன்றாவது மாடி அம்மாவிடம் படிக்கக் கொடுத்தேன். நான் கையெழுத்துப் போட்ட கதை அவருக்கு இதுவரை தெரியாது. மறுநாள் காலை ஆறு மணிக்குக் கதவைத் தட்டினேன். காகிதங்களைத் திருப்பிக் கொடுத்தார். என் முகத்தைப் பார்க்காமலே, ‘‘அந்த ஃபாரத்தை எங்ககிட்டக் காட்டியிருந்தாலும், இவங்கப்பா வேண்டாம்னுதாண்ணா சொல்லியிருப்பார்’’ என்றார்.

அப்புறம், ‘‘பேரு மட்டும் போட்டுடாதீங்க. இருங்கண்ணா, மாத்திரை குடுக்கணும், வெறும் வயித்துல போடணும்’’ என்று உள்ளே போனார்.