போன வாரம் நன்றாகத்தான் பறந்தது

700 ரக ரேடியோ ஹெலிகாப்டரில் மேலே சுழலும் பிளேடு ஒவ்வொன்றும் ஏறக்குறைய 69 சென்டிமீட்டர் நீளம். நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றும்போது அதன் நுனி மணிக்கு 600 கிலோமீட்டர் வேகத்தை நெருங்கிவிடும். 200 கிராம்கூட இல்லாத அந்த பிளேடு, தன்னைப் பிடித்திருக்கும் ஒரே போல்ட்டை 300 கிலோவுக்கும் மேற்பட்ட விசையோடு வெளியே இழுக்கும். இதைப் பொம்மை என்று சொல்ல மனம் வராது. 2013 செப்டம்பரில், நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதிப் பூங்கா ஒன்றில், தான் இயக்கிய ஹெலிகாப்டரே தாக்கி 19 வயது இளைஞர் ஒருவர் உயிரிழந்தார்.

அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் பேட்டரியை இணைக்கும் முன் ஒவ்வோர் இடமாகத் தொட்டுப் பார்க்கிறார்கள். பிளேடைப் பிடித்திருக்கும் கிரிப்பை இரண்டு விரலால் மேலும் கீழும் அசைத்துப் பார்த்தால், உள்ளே பேரிங் தேய்ந்திருப்பதை விரலே சொல்லிவிடும். பிளாஸ்டிக் இணைப்புகளில் மயிரிழை விரிசல் இருக்கிறதா, வால் பெல்ட் தளர்ந்திருக்கிறதா, பல்சக்கரத்தில் ஒரு பல் உடைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதன் பிறகு மோட்டார் வயரைக் கழற்றிவிட்டு, பேட்டரியை இணைத்து, ரிமோட்டை அணைத்து, சிக்னல் அறுந்தால் த்ராட்டில் பூஜ்யத்துக்கு இறங்குகிறதா என்றும் பார்த்துவிட வேண்டும். ஐந்து பத்து நிமிட வேலைதான்.

"போன வாரம் நன்றாகத்தான் பறந்தது" என்று சொல்லி அதைத் தாண்டிப்போகிறவர் செய்வது தவறா? ஒன்றும் ஆகவில்லை என்றாலுமா?

ஆங்கிலேயக் கணித அறிஞர் வில்லியம் கிளிஃபோர்ட் 1877-இல் வெளியான தம் கட்டுரையில் இதே கேள்வியை ஒரு கப்பல் முதலாளியை வைத்து எழுப்பினார். கப்பல் பழசு, பழுது பார்க்க வேண்டுமோ என்ற சந்தேகம் முதலாளிக்கு வருகிறது. இத்தனை பயணம் போய் வந்ததே, கடவுள் காப்பார் என்று மனதைத் தேற்றிக்கொண்டு அனுப்பிவிடுகிறார். கப்பல் மூழ்குகிறது. அவருடைய நம்பிக்கை மனப்பூர்வமானதுதான். ஆனால் சோதிக்காமல் அப்படி நம்ப அவருக்கு உரிமையே கிடையாது என்றார் கிளிஃபோர்ட். கப்பல் பத்திரமாகக் கரை சேர்ந்திருந்தாலும் குற்றம் குற்றம்தான் என்பது அவர் தீர்ப்பு. 1870-இல் சூரிய கிரகணம் பார்க்கப் போய், சிசிலி அருகே கப்பல் விபத்தில் சிக்கிப் பிழைத்து வந்தவர் அவர்.

அவரை மறுத்து 1896-இல் அமெரிக்கத் தத்துவ அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் பேசினார். சான்றுகளால் முடிவு காண முடியாத, அதே சமயம் தள்ளிப்போடவும் முடியாத கேள்விகளில் நம்பிக்கை கொள்ள மனிதனுக்கு உரிமை உண்டு என்பது அவர் வாதம். கடவுள் உண்டா என்பது அப்படிப்பட்ட கேள்வி. பிளேடு போல்ட் இறுகியிருக்கிறதா என்பது அப்படியல்ல; ஒரு ஸ்பேனர் போதும். ஆகவே ஜேம்ஸின் வாதமும் சோதிக்காதவருக்குத் துணை வராது. சோதனையைக் கடவுள் மீதான அவநம்பிக்கையாகப் பார்ப்பதும் பிழை. விரலுக்கு எட்டும் வேலையைக் கடவுளிடம் ஒப்படைப்பதில் பக்தி ஏதும் இல்லை.

மைதானத்தில் வேடிக்கை பார்க்கக் குழந்தைகளும் வந்து நிற்பார்கள். எந்த போல்ட்டும் அவர்கள் கைக்கு எட்டாது; எல்லாவற்றையும் இயக்குபவரை நம்பித்தான் நிற்கிறார்கள். குழந்தையோடு போகிறவர்கள் கூச்சப்படாமல், "எல்லாம் செக் பண்ணிட்டீங்களா?" என்று அவரிடம் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் குழந்தையை அழைத்துக்கொண்டு தள்ளிப் போய்விடுங்கள்.