எந்த ஊர்ச் சாமி?

1993-ல் வந்த ‘மாரியோ இஸ் மிஸ்ஸிங்’ பூகோளம் கற்றுத்தரும் வீடியோ கேம். ஆமைக் கூட்டம் ஒன்று நகரம் நகரமாகப் போய்ப் புகழ்பெற்ற இடங்களில் கைவரிசை காட்டும். மாரியோவின் தம்பி லூயிஜி தெருவில் போகிறவர்களை விசாரித்து, வந்திருப்பது எந்த ஊர் என்று கண்டுபிடித்து, பொருளை உரிய இடத்தில் சேர்க்க வேண்டும். நைரோபி கட்டத்தில் அப்படி ஓர் இடம், அங்குள்ள தேசிய அருங்காட்சியகம். களவு போவது மண்டையோடு.

அருங்காட்சியகத்தில் சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது என்பது விளையாட்டின் விதி. நைரோபிக்கு அது பொருந்தும். அங்கே பெரும் செல்வமாகக் காக்கப்படும், சுமார் 15 லட்சம் ஆண்டுப் பழமையான சிறுவனின் எலும்புக்கூடு, 1984-ல் துர்க்கானா ஏரியின் மேற்குப் பக்கம் கிடைத்தது. முதல் துண்டைக் கண்டவர் கமோயா கிமேயு. எலும்பு ஏரிக்கரையை விட்டு வந்தாலும் கென்யாவை விட்டுப் போகவில்லை. இடமும் ஆளின் பெயரும் பதிவில் உண்டு.

நம் பக்கத்தில் அதே விதி தலைகீழாகும். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலின் சோழர்கால நடராஜரைக் கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-ல் வாங்கியது. விற்றவர் கலைப்பொருள் வணிகர் சுபாஷ் கபூர். விலை 50 லட்சம் அமெரிக்க டாலர். திருட்டு நடந்து அப்போது சில ஆண்டுகளே ஆகியிருந்தன. சிலை பல காலம் முன்பே இந்தியாவை விட்டுப் போனதாகப் பொய்க் காகிதம் காட்டினார்கள். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் கோயில் கோயிலாக எடுத்துச் சேர்த்து வைத்த ஒளிப்படங்கள் அதை உடைத்தன. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபட் சிலையை டெல்லியில் ஒப்படைத்தார். விளையாட்டில் பொருள் போய்ச் சேரும் வாசல், இங்கே பொருளை மீட்டெடுக்க வேண்டிய வாசல்.

ஆகையால் அருங்காட்சியகத்தில் பிள்ளைகள் முதலில் கேட்க வேண்டியது ‘இது என்ன?’ என்பதை அல்ல, ‘இது எப்படி இங்கே வந்தது?’ என்பதைத்தான். கிழக்குக் கடற்கரையில் உள்ள புதுப்பட்டினத்துப் பிள்ளைகளுக்கு இப்படிக் கேட்டுப் பழக நல்ல இடம் பக்கத்திலேயே இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் சதுரங்கப்பட்டினம், மாமல்லபுரம் தாண்டி வடக்கே போனால் முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா அருங்காட்சியகம், 1996-ல் திறந்தது. செட்டிநாட்டு வீடு உட்பட, இடிபடவிருந்த பழைய வீடுகளை விலைக்கு வாங்கி, பிரித்து, கொண்டுவந்து, மரமும் தூணும் மாறாமல் எழுப்பியிருக்கிறார்கள். எந்தச் சமூகத்தின் வீடு, எந்த ஊரிலிருந்து வந்தது என்று சொல்லியும் வைக்கிறார்கள். ஒளிவுமறைவில்லாத இந்த இடமாற்றத்தை நான் மனதார மதிக்கிறேன். சொந்த மண்ணை விட்டு வந்த வீடுதான்; ஆனால் அது திருடி வந்ததில்லை.

இந்தக் கரையை வைத்து யாராவது ஒரு கேம் செய்தால், நடராஜருக்கு மூன்று கட்டம் வைக்க வேண்டும். கான்பெராவில் அடையாளம் காண்பது முதல் கட்டம். டெல்லியில் பெற்றுக்கொள்வது இரண்டாவது. மூன்றாவதுதான் கடினம்: மீண்டு வந்த சிலை ஸ்ரீபுரந்தானுக்கு நேரே போகவில்லை. காவல் கருதிக் கும்பகோணத்தில் உள்ள திருமேனிப் பாதுகாப்பு மையத்துக்குத்தான் போனது.