குற்றம் ஒலிக்கும் இடமும் குற்றம் பிறந்த இடமும்

குற்றம் எங்கே காணப்படுகிறதோ அங்கேயே அது பிறந்தது என்று கொள்வது மனித வழக்கமாகிவிட்டது. பரீட்சையில் தவறிய பிள்ளையை அடிக்கிறோம். கணக்குப் பிசகினால் கணக்கெழுதியவனை வைகிறோம். கூட்டத்தில் குரலை உயர்த்தியவனைக் கலகக்காரன் என்கிறோம். அடி விழுந்ததும் நீதி நிறைவேறிவிட்டதென்ற திருப்தியும் நமக்கு உண்டாகிறது. ஆனால் குற்றம் காணும் இடமும் அது பிறக்கும் இடமும் ஒன்றுதானா? இக்கேள்விக்கு விடைகாண நாம் சாஸ்திரங்களைப் புரட்டப் போவதில்லை. உயிரற்ற யந்திரம் ஒன்றைச் சாட்சிக்கு அழைக்கிறோம். அதற்குப் பொய் சொல்லத் தெரியாது; வேண்டியவர் வேண்டாதவர் என்ற பட்சபாதமும் இல்லை.

சிந்தசைசர் என்னும் மின்னிசைக் கருவியே அச்சாட்சி. வீணைக்கு நரம்பு உண்டு. குழலுக்குக் காற்று உண்டு. இதற்கு இரண்டும் இல்லை. மின்சாரத்தின் அசைவே இதில் நாதமாகிறது. அமெரிக்க நாட்டில், நியூயார்க் மாகாணத்து ட்ரூமன்ஸ்பர்க் என்னும் சிற்றூரில், ராபர்ட் மூக் என்பாரின் தொழிற்சாலை 1970-ஆம் ஆண்டில் 'மினிமூக்' என்ற கருவியை வெளியிட்டது. ஹார்மோனியத்தில் உள்ளவை போன்ற 44 கட்டைகள் அதன் முன்புறத்தில் இருக்கும். உள்ளே, அலையெழுப்பிகள் மூன்று நாதத்தைப் பிறப்பிக்கும். வடிகட்டி அந்நாதத்தின் குணத்தை மாற்றும். பெருக்கி அதை வெளியே அனுப்பும். அலையெழுப்பியை ஆளும் மின்னழுத்தம் ஒரு வோல்ட் கூடினால் சுருதி ஒரு ஸ்தாயி ஏறும் என்பது இக்கருவியின் சட்டம். ஸ்தாயி ஒன்றுக்கு அரைச்சுரங்கள் 12. ஆதலின் ஏறக்குறைய 83 மில்லிவோல்ட் பிசகினாலே ஒரு சுரம் அடுத்த சுரமாகிவிடும். இத்துணை நுண்ணிய ஒழுங்கின் மீது நிற்பது இதன் இசை.

அக்காலத்துக் கருவிகள் பல இன்று ஐம்பது வயதை எட்டியும் கடந்தும் நிற்கின்றன. அவற்றுள் ஒன்று சுருதி கெட்டுப் பழுது நீக்குவோனிடம் வருகிறதென்று கொள்வோம். காதுக்குக் கேட்கும் குற்றம் அலையெழுப்பியின் குற்றம். அலையெழுப்பியைச் சரிக்கட்டுவதற்கென்று சிறு திருகுகளும் உள்ளன. அவசரக்காரன் என் செய்வான்? திருகைத் திருப்பிச் சுருதியைச் சேர்த்துவிட்டுக் கூலியைப் பெற்றுக்கொள்வான். அன்று கருவி ஒழுங்காகவே பாடும்.

தொழில் அறிந்தவனோ திருகின் பக்கமே போகமாட்டான். கருவியை அரைமணி நேரம் ஓடவிட்டுச் சூடேறச் செய்வான்; டிரான்சிஸ்டரின் போக்கு வெப்பத்தோடு மாறுவதாதலின், குளிர்ந்திருக்கும் கருவியைக் கொண்டு தீர்ப்புக் கூறுவது தகாது என்பதை அவன் அறிவான். பின்னர், எல்லா உறுப்புகளுக்கும் மின்சாரம் ஊட்டும் பகுதியை முதலில் அளப்பான். மினிமூக்கில் அது கூட்டல் 10 வோல்ட்டும் கழித்தல் 10 வோல்ட்டும் பிசகின்றித் தரவேண்டும். அப்பகுதியிலுள்ள மின்தேக்கிகளின் உள்ளீரம் ஆண்டுகள் செல்லச் செல்ல வற்றிவிடும். வற்றியபின் மின்சாரம் சீராக வராது, அதன் நடுக்கம் ரீங்காரமாக இசையிற் கலக்கும், சுருதியும் தள்ளாடும். ஊட்டும் கை நடுங்கினால் உண்ணும் வாய் சிந்தத்தானே செய்யும்? சிந்திய வாயை அடிப்பது எவ்வகை நியாயம்?

அவசரக்காரன் செய்த தீங்கு இதனோடு முடியவில்லை. பின்னொரு நாள் வேறொருவன் மின்சாரப் பகுதியைச் செப்பனிட்டு 10 வோல்ட்டை ஒழுங்காக வரச் செய்தானாயின், முன்பு திருப்பப்பட்ட திருகுகள் அனைத்தும் அப்போது பிழையாகி நிற்கும். குற்றமற்ற உறுப்புகள், பிறருடைய குற்றத்துக்கு இசைய வளைக்கப்பட்டு, உண்மையிலேயே குற்றமுடையவை ஆகிவிட்டன. தவறான இடத்தில் விழும் தண்டனை வீண்போவதோடு நிற்பதில்லை; புதிய குற்றத்தையும் படைக்கிறது. காரணமின்றி அடிபட்ட பிள்ளை பொய் சொல்லக் கற்றுக்கொள்வதை நம்மில் எத்தனை பேர் கண்டிருக்கிறோம்!

"அங்ஙனமாயின் தனிமனிதனுக்குக் குற்றமே கிடையாதா? எல்லாப் பழியையும் சூழ்நிலையின் தலையில் ஏற்றிவிடலாமா?" என்று சிலர் கேட்பர். கேட்கவேண்டிய கேள்வியே. இதற்கும் யந்திரமே விடை தருகிறது. ஜப்பான் நாட்டு ரோலண்ட் கம்பெனியார் 1984-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஜூனோ 106' என்ற கருவிக்குக் குரல்கள் ஆறு. ஆறும் ஒருங்கே கெட்டால் பொதுவான ஊற்றைச் சோதிக்கவேண்டும். ஐந்து ஒழுங்காகப் பாட ஒன்று மட்டும் கரகரத்தால், பொது ஊற்றைப் பழிப்பது சோம்பேறித்தனம். அந்த ஒன்றைத்தான் திறந்து பார்க்கவேண்டும். திறந்து பார்த்தவர்கள் கண்டதென்ன? அக்குரலுக்குரிய சிறு உறுப்பைக் காப்பதற்கென்று பூசப்பட்ட மேற்பூச்சே காலப்போக்கில் கெட்டு, மின்சாரத்தைக் கண்டபடி கசியவிட்டிருந்தது. அசிட்டோன் என்னும் திரவத்தில் ஊறவைத்துப் பூச்சை நீக்கியதும் அவ்வுறுப்புகள் பல மீண்டும் பாடின. குற்றம் தனியொன்றின் மேல் நின்றபோதும், எறிந்துவிடத் தக்கதாக அது இருக்கவில்லை.

காவலாக வைத்தது கேடாக முடிவதற்கு இன்னுமோர் உதாரணம் உண்டு. கோர்க் கம்பெனியார் 1981-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'பாலிசிக்ஸ்' என்ற கருவியில், மின்சாரம் நின்றபோதும் நினைவிலிட்ட ஒலிகள் அழியாதிருக்க ஒரு சிறு பாட்டரியை வைத்தனர். முதுமையில் அப்பாட்டரி காரத்தைக் கசியவிட்டுத் தன்னைத் தாங்கிய பலகையின் செம்புக்கோடுகளையே அரித்துவிட்டது. வெளியே இருப்பவனுக்குத் தெரிவதோ கட்டைகள் சரியாகப் பதில் சொல்லாமையே. கட்டைகளை எத்தனை முறை துடைத்தென்ன? முன்னொரு காலத்தில் நம்மைக் காக்க எழுந்த ஏற்பாடுகளும் காலம் கடந்தபின் நம்மையே அரிக்கக்கூடும். அவை எக்காலத்தில் எதன் பொருட்டு வைக்கப்பட்டன என்று அறிந்து, நன்றியோடு எடுத்தெறிவதே அறிவுடைமை.

மூலகாரணத்தைத் தேடுவோம் என்று சொல்லிக்கொண்டு காலத்தை ஓட்டுவதும் ஒரு குற்றமே. கருவியிலிருந்து புகை எழுமாயின், அறிந்தவன் அளவுகோலைத் தேடி ஓடமாட்டான். முதலில் மின்சாரத்தைத் துண்டிப்பான். ஒருவன் பிறரை வதைக்கிறானென்றால் அவனுடைய இளமைக்கால வரலாற்றை ஆராயுமுன் அவன் கையைப் பிடித்துத் தடுக்கவேண்டும். தடுப்பது வேறு, தீர்ப்புக் கூறுவது வேறு. முன்னதற்கு விரைவு வேண்டும். பின்னதற்குப் பொறுமை வேண்டும். நாமோ இரண்டையும் மாற்றிச் செய்கிறோம்: வதைபடுவோனைக் காக்கத் தாமதிக்கிறோம், பழி சுமத்த விரைகிறோம்.

பழுது நீக்குவோன் கருவிக்குச் செலுத்தும் மரியாதையை நாம் மனிதனுக்குச் செலுத்துகிறோமா என்பதே வினா. வேலையில் பின்தங்கியவனைச் சோம்பேறி என்னுமுன் அவன் உண்டானா, உறங்கினானா என்று கேட்போமாக. ஒரு வகுப்பு முழுவதும் தவறினால் பிள்ளைகளை விடுத்துப் போதனையை அளப்போமாக. ஒருவன் மட்டும் தவறினால், அவனை விலக்குமுன் அவன் மேல் நாம் பூசிய பூச்சு யாதென்று பார்ப்போமாக. இத்தனையும் செய்தபின்னும் குற்றம் அவனிடமே நிற்குமாயின், அப்போது நம் தீர்ப்பு நீதியாகும். அளக்காமல் திருப்பிய திருகு நீதியாகாது.