ஐந்து மணிக்குக் கப்பல்

ஊர் சுற்றிப் பார்ப்பதில் பாவம் உண்டா என்று யாராவது என்னைக் கேட்டிருந்தால், சென்ற ஆண்டு வரையில் சிரித்திருப்பேன். உழைத்துச் சம்பாதித்த பணம். யாரையும் ஏமாற்றாத பிரயாணம். கண்ணுக்கு நாலு நல்ல காட்சி. இதில் பாவம் எங்கிருந்து வரும்? இன்றைக்குக் கேட்டால் அவ்வளவு சுலபமாகச் சிரிப்பேன் என்று தோன்றவில்லை.

திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்யும் என் மைத்துனர் வற்புறுத்தி அனுப்பிவைத்த பயணம் அது. மத்தியதரைக் கடலில் ஏழு இரவுகள். பார்ஸலோனாவில் கப்பலேறி, மார்ஸேல்ஸ், ஜெனோவா, நேப்பிள்ஸ், பலெர்மோ, வலெட்டா என்று ஒரு சுற்று. காலையில் ஓர் ஊர் வரும்; மாலையில் போய்விடும். இரவில் விருந்தும் சங்கீதமும். தினமும் படுக்கப் போகுமுன் அறைக்கு ஒரு காகிதம் வரும். நாளைய ஊர் எது, அங்கே பார்க்க வேண்டியவை எவை, எத்தனை மணிக்குள் கப்பலுக்குத் திரும்ப வேண்டும் என்று அதில் அச்சிட்டிருக்கும். எரிமலைச் சாம்பலில் புதைந்துபோன பாம்பேயி நகரத்தை இரண்டரை மணி நேரத்தில் பார்த்து முடித்தோம். கி.பி. 79-இல் செத்தவர்கள் அவசரப்படுத்தவில்லை; வழிகாட்டிதான் அவசரப்படுத்தினார்.

எனக்கு இதெல்லாம் பிடித்தே இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். என் மனைவிக்குத்தான் மூன்றாம் நாளே அரிசிம்பருப்புச் சாதத்தின் நினைப்பு வந்துவிட்டது.

ஐந்தாம் நாள் பலெர்மோ. ஸிஸிலித் தீவின் தலைநகரம். அங்கே பல்லாரோ என்றொரு சந்தை இருக்கிறது. எலுமிச்சையும் மீனும் கத்தரிக்காயும் குவிந்து கிடக்க, கூவி விற்கிறார்கள். நம் உக்கடம் சந்தைக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. நான் மனைவியிடம் ஏதோ சொன்னேன். பக்கத்தில் காய் பொறுக்கிக்கொண்டிருந்த ஒருவர் சட்டென்று திரும்பினார்.

"தமிழோ? எந்த ஊர்?"

"கோயமுத்தூருங்க."

அவர் முகம் மலர்ந்ததை என்னால் எழுதிக் காட்ட முடியாது. யாழ்ப்பாணத்துக்காரர். அந்த நகரத்தில் ஈழத் தமிழர்கள் நிறைய இருக்கிறார்கள். வீட்டு வேலை, சமையல் வேலை செய்து பிழைக்கிறார்கள். ஊருக்கு வெளியே மலைமேல் இருக்கும் ரொஸாலியா அம்மையின் கோயிலுக்கு, சைவர்களும்கூட, ஞாயிற்றுக்கிழமைகளில் ஏறிப் போகிறார்கள். ஐந்து நிமிஷத்துக்குள் இத்தனையும் சொன்னார். எங்கள் கப்பல் அடுத்தபடியாக மால்ட்டாவுக்குப் போகிறது என்று கேட்டதும் கொஞ்சம் மௌனமானார்.

"எங்கட பிள்ளையள் கன பேர் அந்தக் கடலிலதான் போனவங்கள். வீடு பக்கத்திலதான் இருக்கு. ஒரு தேத்தண்ணி குடிச்சுப்போட்டுப் போகலாம், வாங்கோ. மனிசியும் சந்தோஷப்படுவா."

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். "ஐந்து மணிக்குக் கப்பலுங்க. நேரமில்லை" என்றேன்.

அப்போது மணி மூன்று. துறைமுகம் நடந்து போகும் தூரம். காகிதத்தில் குறித்திருந்த பெரிய தேவாலயத்தை நான் இன்னும் பார்க்கவில்லை; அதுதான் உண்மை. "ஏனுங்க, அவரு இத்தனை ஆசையாக் கூப்புடறாரு..." என்று என் மனைவி மெல்லச் சொன்னாள். நான் கேட்கவில்லை. தேவாலயத்தைப் பார்த்தேன். அதன் தூண்கள் எப்படியிருந்தன என்று இன்று எனக்கு ஞாபகம் இல்லை. சந்தையில் பையைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த மனிதரின் முகம் ஞாபகம் இருக்கிறது.

அவர் சொல்ல வந்தது என்ன என்பதை அன்றிரவு அறையில் உட்கார்ந்து தேடிப் படித்தேன். 1996-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் இரவு. ஸிஸிலிக்கும் மால்ட்டாவுக்கும் இடையே நடுக்கடலில், களவாகக் கரையேற வந்தவர்களை ஒரு கப்பலிலிருந்து சிறு படகுக்கு மாற்றினார்கள். கப்பலும் படகும் மோதின. படகு மூழ்கியது. இந்தியர், பாகிஸ்தானியர், இலங்கைத் தமிழர் என்று குறைந்தது 283 பேர் மாண்டார்கள். தப்பியவர்கள் சொன்னதை அதிகாரிகள் நம்பவில்லை. பிணங்கள் எங்கே என்று கேட்டார்கள்.

பிணங்கள் போர்ட்டோபாலோ என்ற ஊரின் மீனவர் வலைகளில் வந்துகொண்டிருந்தன. அவர்கள் அவற்றைத் திரும்பக் கடலிலேயே போட்டுவிட்டார்கள். கரைக்குக் கொண்டுவந்தால் விசாரணை என்று படகைக் கட்டிப் போடுவார்கள், பிழைப்புக் கெடும். ஐந்தாவது ஆண்டில், 2001-இல், ஒரு மீனவர் மட்டும் வலையில் வந்த ஓர் அடையாள அட்டையைப் பத்திரிகைக்காரரிடம் கொடுத்தார். அது ஒரு தமிழ் இளைஞனுடையது. பிறகு காமிராவை இறக்கினார்கள். 100 மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் படகு கிடந்தது.

படித்ததும் எனக்கு அந்த மீனவர்கள்மேல் கோபம் வந்தது. 'மனிதர்களா இவர்கள்?' என்று நினைத்தேன். நினைத்த மாத்திரத்தில் வேறொரு குரலும் கேட்டது. அவர்கள் என்ன சொன்னார்கள்? 'நேரமில்லை; வேலை கெடும்' என்றார்கள். நான் என்ன சொன்னேன்? அவர்களுக்காவது வயிற்றுப் பிழைப்பு என்ற நியாயம் இருந்தது. எனக்கு இருந்தது ஒரு காகிதமும் அதில் குறித்திருந்த ஒரு தேவாலயமும்தான். உலகத்தில் கொடுமைகளைச் செய்கிறவர்கள் சிலர்தான். 'நேரமில்லை' என்று சொல்லிக் கடந்து போகிறவர்கள்தாம் அதிகம். மேல்தட்டில் அப்போது பாட்டும் நடனமும் நடந்துகொண்டிருந்தன. ஆடியவர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்களை ஒருவரும் சந்தையில் தேத்தண்ணீருக்கு அழைக்கவில்லை, என்னை அழைத்திருந்தார்கள்.

கோயமுத்தூரை அடுத்த வெள்ளலூரில் 1842-இல் ரோமாபுரி வெள்ளிக் காசுகள் மண்ணுக்கடியில் கிடைத்தன. அகஸ்டஸ், டைபீரியஸ் சக்கரவர்த்திகளின் தலை பொறித்த காசுகள். மிளகுக்கும், கொங்கு நாட்டுப் படியூர்ப் பச்சைக் கற்களுக்கும் ஆசைப்பட்டு அந்தக் கடற்பக்கத்துக்காரர்கள் அந்தக் காலத்திலேயே நம் கரைக்கு வந்திருக்கிறார்கள். ஆனால் அவர்கள் கப்பலுக்கு ஐந்து மணி என்ற கணக்குக் கிடையாது. தென்மேற்குக் காற்றில் வந்தவர்கள் வடகிழக்குக் காற்று எழும் வரையில் காத்திருக்க வேண்டும். அதுவரை இந்த மண்ணின் சோற்றைத் தின்று, இங்குள்ளவர்களோடு பேசித்தான் ஆக வேண்டும். வியாபாரிகளாக வந்தவர்களைக் காற்று விருந்தாளிகளாக்கிவிட்டது.

விருந்தாளிக்கும் வேடிக்கை பார்ப்பவனுக்கும் வித்தியாசம் அதுதான் என்று எனக்குப் படுகிறது. வேடிக்கை பார்ப்பவன் காசு கொடுத்துக் கணக்கைத் தீர்த்துவிடுகிறான். விருந்தாளி ஒரு வாய் தண்ணீர் குடித்ததுமே கடன்பட்டுவிடுகிறான். அந்த வீட்டுத் துக்கத்தைக் கேட்க வேண்டிய கடன் அது. அதற்குப் பயந்துதான் நான் கடிகாரத்தைப் பார்த்தேனோ என்னவோ!

ஊர் திரும்பிய பிறகு மனைவியிடம் இதைச் சொல்லி வருத்தப்பட்டேன். "பலெர்மோவுக்கு இன்னொரு தடவை போனால் அவரைத் தேடிப் பிடிக்க வேண்டும்" என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. கோவைக் குற்றாலத்துக்குப் போகிற சிறுவாணிச் சாலையில் பூலுவப்பட்டி இருக்கிறது. அங்கே இலங்கைத் தமிழர் முகாம் ஒன்று உண்டு. புளிச்சோறு கட்டிக்கொண்டு எத்தனையோ தடவை அந்த வழியாக அருவிக்குப் போயிருக்கிறோம். ஒரு தடவைகூட அங்கே இறங்கியதில்லை. அருவிக்கு நேரமாகிவிடும் என்ற அவசரம்.

"பலெர்மோவுக்குப் போக நம்மகிட்டக் காசு இல்லீங்க. பூலுவப்பட்டிக்கு டவுன் பஸ் இருக்குது" என்றாள்.

நான் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டேன்.