கேள்வியும் கேட்பவரும்

கடல் நடுவே ஒரு தீவு. அங்கு வாழ்வோர் எதையும் எடுத்துரைப்பதில்லை. கேள்வி மட்டுமே கேட்பர். அவர்கள் இரு வகையினர். முதல் வகையினர் கேட்கும் எந்தக் கேள்விக்கும் சரியான விடை 'ஆம்' என்பதாகவே இருக்கும். இரண்டாம் வகையினரின் கேள்விக்கோ எப்போதும் 'இல்லை' என்பதே விடை. அமெரிக்கத் தருக்கவியல் அறிஞர் ரேமண்ட் ஸ்மல்யன் (1919–2017) 1982இல் வெளியிட்ட புதிர் நூலொன்றில் படைத்த தீவு இது.

அத்தீவினர் ஒருவர் நம்மிடம் வந்து, "நானும் என் மனைவியும் ஆகிய இருவருமே இரண்டாம் வகையினரா?" என்று கேட்பதாகக் கொள்வோம். அவர் முதல் வகையினராயின் விடை 'ஆம்' ஆக வேண்டும்; அப்போது அவரே இரண்டாம் வகையினராகிவிடுவார். இது பொருந்தாது. எனவே அவர் இரண்டாம் வகையினர்; அவரது கேள்விக்கு விடை 'இல்லை'. இருவருமே இரண்டாம் வகையினர் அல்லர் எனில், மனைவி முதல் வகையினர் என்பது தெளிவு. அந்த அம்மையார் வாயே திறக்கவில்லை, ஆயினும் அகப்பட்டுக்கொண்டார்!

இன்னும் ஒன்று. "நான் முதல் வகையினனா?" என்று அங்கே எவரும் கேட்கலாம், அதிலிருந்து நாம் அறிவது ஒன்றுமில்லை. "நான் இரண்டாம் வகையினனா?" என்று மட்டும் எவராலும் கேட்கவே இயலாது. வாசகர்கள் இதைத் தாளில் எழுதிப் பார்க்கலாம்.

இப்புதிர் எனக்கு ஒரு பழைய வெட்கத்தை நினைவூட்டியது. சில ஆண்டுகளுக்குமுன் என் சித்தப்பாவுக்குத் துணையாக மருத்துவமனையில் இருந்தேன். அடுத்த கட்டிலில் முதியவர் ஒருவர் நினைவிழந்து கிடந்தார். அவருடைய மகன் மருத்துவரைக் காணும்போதெல்லாம், "இன்னும் எத்தனை நாள், டாக்டர்?" என்று கேட்டார். மூன்று நாள்களில் நான்கு முறை கேட்டார். சொத்துக்குக் காத்திருக்கும் பிள்ளை என்று என் மனம் தீர்ப்பெழுதிவிட்டது. வீட்டில் அதைச் சொல்லியும்விட்டேன்.

நான்காம் நாள் விடியலில் இளையமகன் பெட்டியும் கையுமாக ஓடிவந்தார். குவைத்தில் வேலை; விடுப்பு ஒருமுறைதான் கிடைக்குமாம். எந்த நாளில் புறப்பட்டால் தந்தையை உயிரோடு காணலாம் என்று தம்பிக்குச் சொல்லவே அண்ணன் கேட்டுக்கொண்டிருந்தார். தம்பி வந்தபோது கட்டில் வெறுமையாக இருந்தது.

தீவில் நம் கணக்குத் தவறாது. அங்கு இரண்டே வகையினர். விதியை மீறுவாரும் இல்லை. நானோ அந்த நோயாளிகள் நடுவிலும் இரண்டே வகைப் பிள்ளைகளைத்தான் கண்டேன். அன்புள்ளவரும் பேராசைக்காரரும் ஒரே சொற்களால் ஒரே கேள்வியைக் கேட்கக்கூடும் என்பது எனக்குத் தோன்றவில்லை.

இராவுணவின்போதும் அவ்வாறே நிகழ்ந்தது. தம்மைக் காட்டிக்கொடுப்பவர் பந்தியில் இருப்பதாக இயேசு கூறியதும், சீடர் ஒவ்வொருவரும் அது தாமோ என்று கேட்டதாக மத்தேயு எழுதுகிறார். யூதாசும் அதையே கேட்டான். மற்றவர்கள் ஆண்டவர் என்று விளிக்க, அவன் ரபி என்று விளித்தான். இதில் நுட்பம் காண்போர் உண்டு. ஆனால் உடனிருந்தோர் எதையும் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை. அவன் எழுந்து சென்றபோது, திருவிழாவுக்கு வேண்டியதை வாங்கச் செல்கிறான் என்றே சிலர் எண்ணியதாக யோவான் குறிப்பிடுகிறார்.

என் சிந்தை நிலைப்பது மற்றப் பதினொருவரிடம்தான். தீவில் எவராலும் கேட்க இயலாத கேள்வியை அவர்கள் கேட்டார்கள். குற்றமற்றவன் தன்னைப்பற்றி ஏன் அப்படிக் கேட்க வேண்டும்? தாம் எவ்வகையினர் என்பது அவர்களுக்கே உறுதியாகத் தெரியவில்லை. அண்டைக் கட்டிலருகே நின்றவரை மூன்று நாள்களில் அளந்து முடித்த நான், என்னைக் குறித்து ஒருமுறையேனும் அப்படிக் கேட்டிருக்கவில்லை.

உடலை எடுத்துச் செல்லும் வேளையில் அந்த அண்ணன் என் பக்கம் திரும்பினார். ஏதேனும் ஆறுதல் சொல்ல எண்ணினேன், வாய் வரவில்லை. அவர்தாம் கேட்டார்: "உங்க சித்தப்பாவுக்கு இப்ப எப்படி இருக்கு, சார்?"