பிடி மரம்

எங்கள் தெருவில் மூன்றாவது வீட்டுக்காரர் ஓர் எஞ்சினியர். கம்பெனி வேலையாகக் கொரியாவில் நாலு வருஷம் இருந்துவிட்டுத் திரும்பியவர். வெளிநாடு போகிறவர்கள் கடிகாரமோ காமிராவோ கொண்டு வருவார்கள்; இவர் ஒரு வில்லைக் கொண்டுவந்து கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே வில் பழகப் போவாராம். குறிப் பலகை 145 மீட்டர் தூரத்தில் நிற்கும் என்றார். "ஒரு நாளாவது பட்டதா?" என்று கேட்டேன். "முதல் வருஷம் பூராவும் அம்பைத் தேடுவதிலேயே போய்விட்டது ஸார்" என்றார்.

சுவரில் இருப்பது கண்ணாடி இழையில் செய்த இக்காலத்து வில். கொம்பு வைத்துச் செய்கிற பழைய வில்லைத்தான் அவர் வாங்க ஆசைப்பட்டார். பயிற்சி கொடுத்த கிழவர், "உங்கள் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம், ஒட்டு விட்டுவிடும்" என்று தடுத்துவிட்டாராம். ஒட்டு விடுவது என்ன சாதாரண விஷயமா? 1388-இல் லியாவோதுங் பகுதியைப் பிடித்து வரும்படி யி சொங்-கே என்ற தளபதியைக் கொரிய அரசர் அனுப்பினார். போகக்கூடாது என்பதற்குத் தளபதி நாலு காரணம் சொன்னார். அவற்றில் ஒன்று, மழைக்காலம், வில்லின் பசை இளகிவிடும் என்பது. அரசர் கேட்கவில்லை. தளபதி ஆற்றின் நடுத்தீவு வரை போய்ப் படையைத் திருப்பிக்கொண்டு வந்து ஆட்சியையே பிடித்துவிட்டார். அவர் வம்சம் 1392 முதல் 1910 வரை ஆண்டது. பசை மட்டுமே காரணம் என்று நான் நம்பவில்லை; சமயத்துக்குப் பசையும் உதவியது.

அந்தக் கொம்பு வில்லைச் செய்யும் படங்களை நண்பர் எனக்குக் காட்டினார். உள்ளே மூங்கில். நுனிகளுக்கு, நாம் பட்டுப்பூச்சிக்கு இலை போடுகிறோமே, அந்த மல்பெரி மரம். வயிற்றுப் பக்கம் எருமைக் கொம்பு, முதுகில் மாட்டின் தசைநார். எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிப்பது மீனின் காற்றுப்பையைக் காய்ச்சி எடுத்த பசை. நடுவில், கை பிடிக்கிற இடத்தில், ஒரு துண்டு ஓக் மரம். அதன்மேல் விரலை வைத்து, "இது மட்டும் வளையவே கூடாது ஸார்" என்றார்.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. வில் என்றால் முழுக்க வளைவது என்றுதான் நான் நினைத்திருந்தேன். இரண்டு கைகளும் வளைந்து சேர்த்து வைக்கிற சக்தியைத்தான் அம்பு வாங்கிக்கொண்டு போகிறது. அவை வளைய வேண்டுமானால் நடுவில் ஒன்று அசையாமல் நிற்க வேண்டும். பிடி இம்மி வளைந்தால்கூட, மேலே ஒட்டிய துண்டு கூடவே வளைய மாட்டாமல் ஓரத்தில் கிளம்பிவிடும். ஆகவே பிடிக்கு மரம் தேடுகிறவன் துள்ளலைத் தேடுவதில்லை. மரம் கெட்டியாக இருக்க வேண்டும், நன்றாக உலர்ந்திருக்க வேண்டும், ரேகை நேராக ஓட வேண்டும், பசையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அழகு கடைசிதான். அமெரிக்காவில் கையால் வில் செய்கிறவர்கள் மேப்பிள், வால்நட் இவற்றோடு கொக்கோபோலோ என்கிற மரத்தையும் அழகுக்காகப் பிடிக்கு வைப்பதுண்டு. நம் ஈட்டி மரத்தின் இனம் அது. (ஆயுதத்தின் பெயரில் நமக்கும் ஒரு மரம் இருப்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.) பார்க்க ராஜகளை. உள்ளே எண்ணெய்; அஸிட்டோன் போட்டுத் துடைத்தால்தான் பசை ஒட்டும். இந்த இனத்து மரங்கள் எல்லாம் நாடு விட்டு நாடு போவதற்கு 2017 முதல் சர்வதேசக் கட்டுப்பாடு வேறு.

படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு என் அண்ணன் ஞாபகம் வந்தது.

நாங்கள் மூன்று பேர். கொள்ளிடக் கரையில் கொஞ்சம் நிலம், கடைத் தெருவில் ஒரு மளிகைக் கடை. அப்பாவுக்கு இழுப்பு. அண்ணன் பத்தாவது முடித்த கோடையில் அப்பா அவனைக் கடையில் உட்கார வைத்தார். "மூத்தவனுக்குப் படிப்பு ஏறாது, ஆள் உறுதி, அவன் இருந்தால் வீடு நிற்கும்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். வீடு நின்றது. நான் கல்லூரியில் இரண்டு வருஷம் படித்து, பாதியில் விட்டு, எழுதுகிறேன் என்று ஊர் ஊராகத் திரிந்தேன். தம்பி பாங்கில் பெரிய உத்தியோகத்துக்குப் போனான். நான் திரிந்த வருஷங்களில் மாதா மாதம் மணியார்டர் வந்தது. நாங்கள் வளைந்தோம், பாய்ந்தோம், பெயர் வாங்கினோம். அண்ணன் பலகையில் உட்கார்ந்து துவரம்பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தான்.

இந்த ஓக் துண்டைப் பார்த்தபோது முதலில் எனக்குப் பெரிய ஆறுதல் பிறந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பிடிக்கு ஒரு மரம், கைக்கு ஒரு மரம். அவரவர் சுபாவம், அவரவர் இடம். அப்பா நல்ல தச்சரைப் போல மரம் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்! இதை வைத்துக் கதைகூட எழுதலாம் என்று தோன்றியது. வீட்டுக்கு வந்து ராத்திரி படுத்த பிறகு அந்த ஆறுதல் தங்கவில்லை.

தச்சன் ஓக்கைத் தட்டிப் பார்க்கிறான், உலர்த்திப் பார்க்கிறான், ரேகை பார்க்கிறான். அப்பா எதைப் பார்த்தார்? பிறந்த வரிசையைப் பார்த்தார். ஓக் மரம் பிடியில் ஏறுவதற்கு முன்பே ஓக்காக இருந்தது. அண்ணன் கடையில் உட்காருவதற்கு முன் உறுதியாகத்தான் இருந்தானா? பதினாறு வயதுப் பையனை முப்பத்தைந்து வருஷம் ஒரே இடத்தில் உட்கார வைத்தால் யார்தான் உறைந்து போகமாட்டார்கள்? ஓர் ஆளை ஓர் இடத்தில் நிறுத்தி, அந்த இடத்துக்கு வேண்டிய குணம் அவனிடம் வந்த பிறகு, அந்தக் குணத்தைக் காட்டியே நிறுத்தியது சரி என்கிறோம். வீட்டுக்குள் மட்டுமா? வீட்டுக்கு வெளியே இதே நியாயத்தை இன்னும் பெரிய அளவில், தலைமுறை தலைமுறையாகச் சொல்லிப் பழகியவர்கள்தானே நாம்!

அப்பா பாவம், வேறென்ன செய்வார் என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டேன். மறுநாள் நண்பரிடம், பிடி வளையாத வில்தான் உண்டா என்று விசாரித்தேன். இல்லை என்றார். இங்கிலாந்தில் 1545-இல் முழுகிப்போன மேரி ரோஸ் என்ற போர்க்கப்பலை 1982-இல் தூக்கினார்களே, அதில் நூற்றுக்கு மேற்பட்ட வில்கள் கிடைத்தன. எல்லாம் யூ மரம். ஒரே மரத்தில் செதுக்கியவை. தனியாகப் பிடி கிடையாது. நாணை இழுத்தால் கை பிடித்த இடமும் கொஞ்சம் சேர்ந்து வளையும். ஆள் உயரத்தைத் தாண்டிய வில்கள். அப்படிப்பட்ட வில்லில் எய்தால் கையை உதறும் என்று சொல்வார்களாம். அந்த உதறலோடுதான் அவர்கள் யுத்தம் செய்திருக்கிறார்கள்.

ஆக, வேறு வகை வில் இருந்திருக்கிறது. எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் வளைந்திருக்கலாம். நான் இன்னும் இரண்டு வருஷம் முன்னதாகத் திரிவதை நிறுத்தியிருக்கலாம். விடுமுறையில் வந்த தம்பி கடையில் உட்கார்ந்து அண்ணனை மாலைக் கல்லூரிக்கு அனுப்பியிருக்கலாம். வீடு கொஞ்சம் உதறியிருக்கும், அவ்வளவுதான். எங்கள் மூவரில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. எனக்குத் தோன்றாததற்குக் காரணம் எனக்குத் தெரியும். மணியார்டர் சரியாக வந்துகொண்டிருந்தது.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். ராத்திரி கடை கட்டிவிட்டு அண்ணன் வந்து திண்ணையில் உட்கார்ந்தான். சுற்றி வளைத்துப் பேச எனக்கு வரவில்லை.

"அண்ணா, உனக்கு மேலே படிக்கணும்னு இருந்ததா?"

அவன் உடனே பதில் சொல்லவில்லை. சட்டைப் பையிலிருந்து சில்லறையை எடுத்து எண்ணி, மறுபடி பையில் போட்டுக்கொண்டான்.

"ஒன்பதாவதிலே கணக்குலே நூத்துக்கு நூறு வாங்கினேன்" என்றான். "அப்பா பார்த்தார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நீ அப்போ மூணாங் கிளாஸ், உனக்குத் தெரியாது."

குரலில் குறை எதுவும் இல்லை. அது இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நான் பேசாமல் இருப்பதைப் பார்த்து, "சாப்பிட்டியா நீ?" என்று கேட்டான். உள்ளே திரும்பி, தம்பி வந்திருக்கான், இன்னும் இலை போடலையா என்று குரல் கொடுத்தான்.